எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ் (இசைத்தொகுப்பு)

எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ் என்பது பிங்க் ஃபிளாய்ட் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். இப்பெயரைத் தமிழில் "ஒரு தட்டு நிறைய இரகசியங்கள்" எனக் கூறலாம். இது 1968 ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில் ஐக்கிய இராச்சியத்தில் இ.எம்.ஐ நிறுவனத்தின் கொலம்பியா முத்திரையின் கீழ் வெளியானது. இத்தொகுப்பில் ஏழு பாடல்கள் உள்ளன. மொத்த நேரம் சுமார் 39 நிமிடங்கள். நார்மன் ஸ்மித் இதன் தயாரிப்பாளர் ஆவார்.

இத்தொகுப்பு ஒலிப்பதிவு செய்யப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் குழுவின் முதன்மைப் பாடகரும் பாடலாசிரியருமான சிட் பாரெட் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. அவர் விலகுவதற்கு முன்னரே டேவிட் கில்மோர் குழுவில் சேர்க்கப்பட்டார். இதனால் குழுவின் ஐந்து உறுப்பினர்களும் இசைத்துள்ள ஒரே கலைக்கூட இசைத்தொகுப்பு என்ற சிறப்பை இது பெற்றுள்ளது. பாரெட்டின் பாடல்களை மையமாகக் கொண்டிருந்த ஒரு குழு, உறுப்பினர்கள் கூட்டாக நீண்ட இசைக்கோவைகளை உருவாக்கும் குழுவாக மாறிய கட்டத்தை இத்தொகுப்பில் கேட்க முடிகிறது.

பின்னணி

பிங்க் ஃபிளாய்ட் 1965 ஆம் ஆண்டு இலண்டனில் உருவான குழு ஆகும். ரோஜர் வாட்டர்ஸ் (பேஸ் கிட்டார்), நிக் மேசன் (டிரம்ஸ்), ரிச்சர்ட் ரைட் (ஆர்கன், பியானோ முதலிய விசைக்கருவிகள்) ஆகிய மூவரும் இலண்டன் ரீஜென்ட் தெரு பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை பயின்றவர்கள். சிட் பாரெட் (கிட்டார், குரல்) கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்தவர்; ஓவியக்கலை மாணவர். இவரது இயற்பெயர் ரோஜர் கீத் பாரெட். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் ஆகிய இரு அமெரிக்க புளூஸ் இசைக் கலைஞர்களின் முதற்பெயர்களை இணைத்துக் குழுவுக்குப் பெயர் சூட்டியவரும் இவரே.

தொடக்க காலத்தில் குழுவின் வெற்றி பெரும்பாலும் பாரெட்டையே சார்ந்திருந்தது. 1967 இல் வெளியான "ஆர்னால்ட் லேன்", "சீ எமிலி பிளே" ஆகிய தனிப்பாடல்கள் இரண்டும் அவர் எழுதியவை. இவற்றுள் இரண்டாவது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 6 ஆம் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு ஆகத்து மாதம் வெளியான முதல் இசைத்தொகுப்பான "த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்" 11 பாடல்களைக் கொண்டது. அவற்றுள் 8 பாடல்களை பாரெட் தனியாகவே எழுதினார். வாட்டர்ஸ் தனியாக எழுதியது ஒன்றே ஒன்று. எஞ்சிய இரண்டும் குழுவினர் கூட்டாக உருவாக்கியவை.

ஆனால் 1967 இன் பிற்பகுதியில் பாரெட்டின் நடத்தையில் பெரும் மாற்றம் ஏற்பட்டது. அவர் எல்.எஸ்.டி என்னும் மாயத்தோற்றம் தரும் போதைப்பொருளை மிகுதியாகப் பயன்படுத்தினார். திடீர்ப் புகழின் அழுத்தமும் மனநலக் குறைவும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எனினும் மருத்துவ நோக்கில் உறுதியான விளக்கம் எதுவும் வெளியிடப்படவில்லை. மேடையில் சில வேளைகளில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். சில வேளைகளில் எதையும் வாசிக்காமல் நின்றார். 1967 நவம்பரில் நடந்த அமெரிக்கச் சுற்றுப்பயணம் இதனால் பாதியில் கைவிடப்பட்டது. நாடு திரும்பிய பின் ஜிமி ஹென்ட்ரிக்சுடன் பிரித்தானியாவில் நடந்த கூட்டுச் சுற்றுப்பயணத்திலும் இந்நிலை நீடித்தது. பாரெட் வராத ஒரு வேளையில் த நைஸ் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் ஓலிஸ்ட் அவருக்குப் பதிலாக வாசித்தார். அதே மாதம் வெளியான "ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்" என்ற தனிப்பாடல் விற்பனைப் பட்டியலில் இடம்பெறவில்லை.

உறுப்பினர் மாற்றம்

1967 திசம்பரில் குழுவினர் டேவிட் கில்மோரை அணுகினர். இவர் பாரெட்டின் கேம்பிரிட்ஜ் நண்பர். இருவரும் அங்குள்ள கலை, தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றபோது ஒன்றாகக் கிட்டார் பழகியவர்கள். 1965 இல் பிரான்சு நாட்டின் தெருக்களில் ஒன்றாகப் பாடிப் பொருளீட்டியவர்கள். இதனால் ஒரு நண்பரின் இடத்தைப் பிடிக்கும் நிலைக்கு கில்மோர் தள்ளப்பட்டார்.

பாரெட்டை நீக்குவது குழுவின் முதல் எண்ணமாக இருக்கவில்லை. அமெரிக்காவின் த பீச் பாய்ஸ் குழுவில் பிரையன் வில்சன் மேடையேறாமல் பாடல்களை மட்டும் எழுதிவந்தார். அதேபோல் பாரெட் வீட்டிலிருந்தபடி பாடல் எழுதலாம், மேடையில் கில்மோர் அவரது பகுதிகளை வாசிக்கலாம் என்று திட்டமிட்டனர். 1968 சனவரியில் பிங்க் ஃபிளாய்ட் ஐவர் குழுவாக நான்கு நிகழ்ச்சிகளை நடத்தியது. இவற்றுள் முதலாவது சனவரி 12 அன்று பர்மிங்காமிலுள்ள ஆஸ்டன் பல்கலைக்கழகத்திலும், கடைசி நிகழ்ச்சி சனவரி 20 அன்று ஹேஸ்டிங்சிலும் நடைபெற்றன.

இக்காலத்தில் நடந்த ஒரு ஒத்திகையைக் குழுவினர் பின்னாளில் அடிக்கடி நினைவுகூர்ந்துள்ளனர். பாரெட் புதிய பாடல் ஒன்றைக் கற்பித்தார். "ஹேவ் யூ காட் இட் யெட்" என்பது அதன் பெயர்; "இன்னும் பிடிபடவில்லையா" என்பது போன்ற பொருள் கொண்டது. மற்றவர்கள் அதைக் கற்றுக்கொள்ள முயலும் ஒவ்வொரு முறையும் அவர் மெட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். பாடலின் பெயரே வேடிக்கை என்பது மற்றவர்களுக்கு வெகுநேரம் கழித்தே புரிந்தது. இதை நோயின் அறிகுறியாகக் கொள்வதா, நுட்பமான நகைச்சுவையாகக் கொள்வதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

சனவரி 26 அன்று குழுவினர் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக நிகழ்ச்சிக்கு வண்டியில் புறப்பட்டனர். வழியில் பாரெட்டை ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, வேண்டாம் என முடிவு செய்தனர். அதன்பின் அவர் குழுவுடன் மேடையேறவில்லை. முறைப்படியான பேச்சு எதுவுமின்றி, இவ்வாறு ஒரு பயணத்தின் இடையிலேயே குழுவை நிறுவியவர்களுள் ஒருவரின் இடம் முடிவுக்கு வந்தது. விலகல் குறித்த அறிவிப்பு 1968 ஏப்ரல் 6 அன்றே வெளியானது.

இப்பிரிவு குழுவின் நிர்வாகத்தையும் பாதித்தது. நான்கு இசைக்கலைஞர்களும் பீட்டர் ஜென்னர், ஆண்ட்ரூ கிங் ஆகிய இரு மேலாளர்களும் பிளாக்ஹில் என்டர்பிரைசஸ் என்ற கூட்டு நிறுவனத்தில் பங்காளிகளாக இருந்தனர். குழுவின் படைப்பாற்றல் பாரெட்டிடமே உள்ளது என ஜென்னரும் கிங்கும் கருதினர். எனவே அவர்கள் பாரெட்டின் பக்கம் நின்றனர்; கூட்டு நிறுவனம் கலைக்கப்பட்டது. பாரெட் இல்லாத பிங்க் ஃபிளாய்ட் நிலைக்காது என்ற எண்ணம் அன்று அவர்களை நன்கு அறிந்தவர்களிடமே இருந்ததை இது காட்டுகிறது.

ஒலிப்பதிவு

ஒலிப்பதிவு 1967 ஆகத்து மாதம் தொடங்கி 1968 இன் வசந்த காலம் வரை இடைவெளிகளுடன் நடைபெற்றது. பெரும்பகுதி இலண்டன் அபே ரோடு தெருவிலுள்ள இ.எம்.ஐ ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. 1967 அக்டோபரில் சில பகுதிகள் டி லேன் லீ ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாயின.

இந்த நீண்ட கால இடைவெளியே தொகுப்பின் அமைப்பைத் தீர்மானித்தது. தொடக்கத்தில் பதிவானவற்றில் பாரெட்டின் பங்களிப்பு உண்டு. 1968 இல் பதிவானவற்றில் கில்மோரின் பங்களிப்பு உண்டு. "செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்" என்ற ஒரே பாடலில் மட்டும் இருவரது கிட்டாரும் இடம்பெற்றுள்ளன. 1967 இல் பாரெட்டுடன் பதிவு தொடங்கப்பட்ட அப்பாடலில், பின்னர் கில்மோரின் வாசிப்பு சேர்க்கப்பட்டது.

பாரெட் எழுதிய மேலும் இரு பாடல்கள் இக்காலத்தில் பதிவாயின. "ஸ்க்ரீம் தை லாஸ்ட் ஸ்க்ரீம்", "வெஜிடபிள் மேன்" என்பன அவை. இரண்டும் தொகுப்பில் சேர்க்கப்படவில்லை. கள்ளப் பதிவுகள் மூலமாக மட்டுமே இரசிகர்களிடையே உலவிய இவை, 2016 இல் வெளியான "தி ஏர்லி இயர்ஸ் 1965–1972" என்ற பெருந்தொகுப்பில் முதன்முறையாக முறைப்படி வெளியிடப்பட்டன.

பாடல்கள்

இசைத்தட்டின் முதல் பக்கத்தில் நான்கு பாடல்களும் இரண்டாம் பக்கத்தில் மூன்று பாடல்களும் உள்ளன.

1. லெட் தேர் பி மோர் லைட் – எழுதியவர்: வாட்டர்ஸ், குரல்: ரைட், கில்மோர்
2. ரிமெம்பர் எ டே – எழுதியவர்: ரைட், குரல்: ரைட்
3. செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன் – எழுதியவர்: வாட்டர்ஸ், குரல்: வாட்டர்ஸ்
4. கார்ப்பரல் கிளெக் – எழுதியவர்: வாட்டர்ஸ், குரல்: கில்மோர், மேசன், ரைட்
5. எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ் – இயற்றியவர்கள்: வாட்டர்ஸ், ரைட், மேசன், கில்மோர், சொற்களற்ற இசை
6. சீ-சா – எழுதியவர்: ரைட், குரல்: ரைட்
7. ஜக்பேண்ட் புளூஸ் – எழுதியவர்: பாரெட், குரல்: பாரெட்

முதல் தொகுப்பில் தனியாக ஒரு பாடலை மட்டும் எழுதிய வாட்டர்ஸ் இதில் மூன்று பாடல்களை எழுதியுள்ளார். முதல் தொகுப்பில் 8 பாடல்களை எழுதிய பாரெட்டின் பாடல் இங்கு ஒன்றே ஒன்றுதான். குழுவுக்குள் ஏற்பட்ட மாற்றத்தின் அளவை இவ்வெண்களே உணர்த்துகின்றன.

"லெட் தேர் பி மோர் லைட்" வேற்றுலகக் கலம் ஒன்று பூமிக்கு வருவதைக் கருவாகக் கொண்டது. வேகமான பேஸ் கிட்டார் இசையுடன் தொடங்கும் இப்பாடலின் மென்மையான வரிகளை ரைட்டும் உரத்த வரிகளை கில்மோரும் பாடியுள்ளனர்.

"ரிமெம்பர் எ டே" குழந்தைப் பருவத்தை ஏக்கத்துடன் நினைத்துப் பார்க்கும் பாடல் ஆகும். கில்மோர் சேர்வதற்கு முன் பதிவான இதில் பாரெட் ஸ்லைடு முறையில் (தந்திகளின் மேல் உருளையை வழுக்கி வாசிக்கும் முறை) கிட்டார் வாசித்துள்ளார். இப்பாடலுக்குத் தேவையான தாள நடை மேசனுக்குச் சரியாக அமையவில்லை. எனவே தயாரிப்பாளர் ஸ்மித் தாமே டிரம்ஸ் வாசித்தார்.

"செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்" ஒரே இசைச்சொற்றொடர் மெல்ல மெல்ல வளர்ந்து செல்லும் பாடல். இதன் சில வரிகள் சீனாவின் தாங் அரசமரபுக் காலக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தாளப்பட்டவை. மேசன் வழக்கமான குச்சிகளுக்குப் பதிலாக மென்முனைக் கோல்களைப் பயன்படுத்தினார். ஜாஸ் கலைஞர் சிக்கோ ஹாமில்டனின் வாசிப்பு இதற்குத் தூண்டுதலாக அமைந்ததாக அவர் குறிப்பிட்டுள்ளார். பாரெட்டின் உதவியின்றி வாட்டர்சால் ஒரு முழுமையான பாடலை உருவாக்க முடியும் என்பதை இப்பாடல் நிறுவியது எனலாம்.

"கார்ப்பரல் கிளெக்" போரில் காலை இழந்த ஒரு படைவீரனைப் பற்றிய எள்ளல் பாடல். வாயில் வைத்து ஊதும் காசூ என்ற எளிய கருவி இதில் ஒலிக்கிறது. வாட்டர்சின் தந்தை எரிக் பிளெட்சர் வாட்டர்ஸ் 1944 இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் இறந்தவர். "த வால்" (1979), "த ஃபைனல் கட்" (1983) ஆகிய பிற்காலத் தொகுப்புகளில் விரிவாக இடம்பெறும் போர் என்னும் கருப்பொருள், குழுவின் இசையில் முதலில் தோன்றியது இப்பாடலில்தான்.

"சீ-சா" உடன்பிறப்புகள் இருவரின் உறவைப் பற்றியது. ஒலிப்பதிவின்போது இதற்கு வழங்கிய பெயர், "இரண்டைத் தவிர, நான் கேட்டவற்றுள் மிகவும் சலிப்பூட்டும் பாடல்" என்று பொருள்படும் கேலிப்பெயர் ஆகும்.

தலைப்பு இசைக்கோவை

தொகுப்பின் தலைப்பைத் தாங்கிய இசைக்கோவை ஏறக்குறைய 12 நிமிடங்கள் நீளமானது. இதில் பாடல் வரிகள் இல்லை. "சம்திங் எல்ஸ்", "சின்கபேட்டட் பாண்டமோனியம்", "ஸ்டார்ம் சிக்னல்", "செலஸ்டியல் வாய்ஸஸ்" என்பன இதன் நான்கு பகுதிகள்.

இதை உருவாக்கிய முறை குறிப்பிடத்தக்கது. பாரெட் இருந்தபோது அவர் எழுதிவரும் பாடலை மற்றவர்கள் இசைப்பது வழக்கம். இப்போது அவ்வாறு எழுதித்தர ஒருவர் இல்லை. கட்டடக்கலை பயின்ற வாட்டர்சும் மேசனும், இசை எங்கு உயர வேண்டும், எங்கு தாழ வேண்டும் என்பதை ஒரு கட்டட வரைபடம் போலத் தாளில் கோடுகளாகவும் குறியீடுகளாகவும் வரைந்தனர். சுரக்குறிப்புகளைப் பயன்படுத்தாமல், அவ்வரைபடத்தைப் பின்பற்றியே குழுவினர் இசைத்தனர்.

முதற்பகுதி நெருக்கமாக வைத்த ஒலிவாங்கியில் பதிவான சிம்பல் தட்டின் அதிர்வுடன் தொடங்குகிறது. இரண்டாம் பகுதியில் மேசனின் தாளம் சுழற்சியாகத் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் ரைட் பியானோவைக் கைமுட்டிகளால் தட்டுகிறார். கில்மோர் கிட்டாரைத் தரையில் கிடத்தி உலோகப் பொருளால் தந்திகளைத் தேய்க்கிறார். மூன்றாம் பகுதியில் இவ்வொலிகள் அடங்குகின்றன. இறுதிப் பகுதியில் ஆர்கன் இசையும் சொற்களற்ற கூட்டுக்குரலும் அமைதியாக எழுகின்றன. போருக்கான ஆயத்தம், போர், அதன் பின்விளைவு, இறந்தோருக்கான இரங்கல் என்ற வரிசையில் இதனைப் புரிந்துகொள்ளலாம் எனக் குழுவினர் விளக்கியுள்ளனர்.

த பீட்டில்ஸ் குழுவின் தொடக்ககால ஒலிப்பதிவுகளில் பொறியாளராகப் பணியாற்றிய ஸ்மித்துக்கு இவ்வகை இசையில் பெரிதும் உடன்பாடு இருக்கவில்லை. மூன்று நிமிடப் பாடல்களுக்குக் குழு திரும்ப வேண்டும் என அவர் விரும்பியதாகக் கூறப்படுகிறது. குழுவினரோ தங்கள் எதிர்காலப் பாதை இதிலேயே உள்ளதாகக் கருதினர்.

ஜக்பேண்ட் புளூஸ்

தொகுப்பின் கடைசிப் பாடல் பாரெட் எழுதிப் பாடியது. 1967 அக்டோபரில், அதாவது அவர் விலகுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், இது பதிவானது. பாரெட்டின் விருப்பப்படி இரட்சணிய சேனையின் பித்தளை வாத்தியக் குழு ஒன்று ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைக்கப்பட்டது. அவர்கள் மனம்போனபடி வாசிக்க வேண்டும் என்பது பாரெட்டின் எண்ணம். எழுதப்பட்ட குறிப்புகளின்படி வாசிக்க வேண்டும் என்று ஸ்மித் வலியுறுத்தினார்.

தான் இருக்கும் இடத்திலேயே தான் இல்லாததைப் போன்ற ஒரு மனநிலையை இப்பாடல் வெளிப்படுத்துகிறது. தனக்கு நேர்வதை பாரெட் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு இதைச் சான்றாகச் சிலர் கொள்கின்றனர். பாடலின் முடிவில் வாத்தியங்களின் குழப்பமான ஒலி நின்றபின், பாரெட்டின் குரலும் கிட்டாரும் மட்டும் சிறிது நேரம் தனித்து ஒலிக்கின்றன. அவர் இல்லாமல் உருவான பாடல்களுக்குப் பிறகு இது வைக்கப்பட்டதால், இத்தொகுப்பே அவருக்கு விடைகொடுப்பது போல் முடிவடைகிறது.

பங்களிப்பாளர்கள்

• ரோஜர் வாட்டர்ஸ் – பேஸ் கிட்டார், குரல்
• ரிச்சர்ட் ரைட் – ஆர்கன், பியானோ, மெல்லட்ரான், வைப்ரஃபோன், குரல்
• நிக் மேசன் – டிரம்ஸ், தாளக்கருவிகள், குரல்
• டேவிட் கில்மோர் – கிட்டார், குரல் (1968 இல் பதிவானவை)
• சிட் பாரெட் – கிட்டார் (2, 3, 7), குரல் (7)
• நார்மன் ஸ்மித் – தயாரிப்பு, டிரம்ஸ் (2)

அட்டைப்படம்

உறையை வடிவமைத்தது ஹிப்க்னோசிஸ் என்ற வடிவமைப்புக் குழு ஆகும். அதன் நிறுவனர்களான ஸ்டார்ம் தார்கர்சனும் ஆப்ரி பவலும் இசைக்குழுவினரின் கேம்பிரிட்ஜ் நட்பு வட்டத்தைச் சேர்ந்தவர்கள். இ.எம்.ஐ நிறுவனம் வெளியாரைக் கொண்டு உறையை வடிவமைக்க அனுமதித்தது த பீட்டில்சுக்கு அடுத்து பிங்க் ஃபிளாய்டுக்குத்தான். கோள்கள், இராசிச் சக்கரம், மார்வெல் சித்திரக்கதையின் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் ஆகிய படிமங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து காணப்படுகின்றன. குழுவினரின் ஒளிப்படம் இவற்றிடையே சிறியதாக அமைந்துள்ளது. இதுவே ஹிப்க்னோசிஸ் இக்குழுவுக்காக வடிவமைத்த முதல் உறை ஆகும்.

வெளியீடும் வரவேற்பும்

தொகுப்பு வெளியான அதே நாட்களில், 1968 சூன் 29 அன்று, இலண்டன் ஹைட் பூங்காவில் நடந்த முதல் இலவச ராக் நிகழ்ச்சியில் பிங்க் ஃபிளாய்ட் இசைத்தது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் தொகுப்பு 9 ஆம் இடத்தை எட்டியது. முந்தைய தொகுப்பு 6 ஆம் இடத்தைப் பெற்றிருந்தது. பாரெட் இல்லாத குறை தெரிவதாக அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் பாதகமாக மதிப்பிட்டது. எனினும், எழுதுபவரை இழந்த ஒரு குழுவுக்கு இவ்விற்பனை தொடர்ந்து செயல்படப் போதுமான ஆதரவாக அமைந்தது.

பின்னாளில் இத்தொகுப்பின் மதிப்பு உயர்ந்தது. நிக் மேசன் பிங்க் ஃபிளாய்டின் தொகுப்புகளுள் தமக்கு மிகவும் பிடித்தது இதுவே எனக் கூறியுள்ளார். பிற்காலத்தில் குழு வளர்த்தெடுத்த கருத்துகளின் வித்துகள் இதில் இருப்பதாக அவர் கருதுகிறார். 2018 இல் தாம் தொடங்கிய குழுவுக்கு "நிக் மேசன்ஸ் சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்" என்றே பெயரிட்டார். இக்குழு பிங்க் ஃபிளாய்டின் 1973க்கு முந்தைய பாடல்களை மேடைகளில் இசைத்தது.

பின்விளைவுகள்

தலைப்பு இசைக்கோவையின் மேடைப் பதிவு 1969 இல் வெளியான "உம்மகும்மா" தொகுப்பில் இடம்பெற்றது. பல பகுதிகளாகக் கட்டமைக்கப்பட்ட நீண்ட இசை என்ற முறை, "ஆட்டம் ஹார்ட் மதர்" (1970), "மெடில்" தொகுப்பின் "எக்கோஸ்" (1971) வழியாக "த டார்க் சைடு ஆஃப் த மூன்" (1973) வரை வளர்ந்தது.

பாரெட் 1970 இல் "த மேட்கேப் லாஃப்ஸ்", "பாரெட்" என்ற இரு தனித் தொகுப்புகளை வெளியிட்டார். முதல் தொகுப்பின் ஒரு பகுதியைத் தயாரித்தவர்கள் வாட்டர்சும் கில்மோரும் ஆவர். இரண்டாவதை கில்மோரும் ரைட்டும் தயாரித்தனர். விலக்கியவர்களே உதவ முன்வந்தது குறிப்பிடத்தக்கது. 1975 சூன் 5 அன்று, பாரெட்டை நினைத்து எழுதப்பட்ட "ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்" பாடலின் பணிகள் நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, அவர் அறிவிப்பின்றி அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்தார். உடல் பருத்து, தலைமுடியையும் புருவங்களையும் மழித்திருந்த அவரை முன்னாள் தோழர்களால் முதலில் அடையாளம் காண இயலவில்லை. பின்னர் அவர் கேம்பிரிட்ஜில் ஓவியம் வரைவதிலும் தோட்ட வேலையிலும் ஈடுபட்டு, இசையுலகிலிருந்து ஒதுங்கி வாழ்ந்து, 2006 சூலை 7 அன்று தமது 60 ஆம் வயதில் காலமானார்.

குழுவின் உறுப்பினர் மாற்றம் இத்துடன் முடிவடையவில்லை. "த வால்" ஒலிப்பதிவின்போது ரைட் வெளியேற்றப்பட்டார். 1985 இல் வாட்டர்ஸ் விலகினார். குழுவின் பெயர் யாருக்கு உரியது என்ற வழக்கும் எழுந்தது. ரைட் 1987 தொகுப்பில் மீண்டும் இசைத்தார். 1968 இல் எஞ்சிய நால்வரும் கடைசியாக ஒன்றாக மேடையேறியது 2005 சூலை 2 அன்று நடந்த லைவ் 8 நிகழ்ச்சியில் ஆகும். ரைட் 2008 செப்டம்பர் 15 அன்று காலமானார். சில நாட்களில் பிபிசி தொலைக்காட்சியில் தோன்றிய கில்மோர், அவரது நினைவாக "ரிமெம்பர் எ டே" பாடலைப் பாடினார். கில்மோர் குழுவில் சேர்வதற்கு முன் பாரெட்டின் கிட்டாருடன் பதிவான பாடல் அது.